‘ஸ்வாவ்’ எங்கே பொருந்தும்?

ஆங்கிலத்தில் ஒருவரை ‘ஸ்வாவ்’ (suave) என்று எழுதும் முன், அந்த இடத்தில் ‘பழகுவதில் நயமானவர்’ என்று மனதுக்குள் போட்டுப் பாருங்கள். வாக்கியம் இடறவில்லை என்றால் சொல் சரி, அகராதியைப் புரட்ட வேண்டாம்.

இனிமை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தாலும், இன்று இது ஒருவர் நடந்துகொள்ளும் விதத்தைத்தான் குறிக்கிறது. தி. நகர் ஜவுளிக்கடையில் அத்தனை புடவையையும் பிரித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் எழுந்தாலும், முகம் மாறாமல் “அடுத்த வாரம் புது ஸ்டாக் வருது, வாங்கக்கா” என்று வழியனுப்புகிறாரே விற்பனையாளர், அந்தப் பக்குவம்! வெறும் முக அழகுக்கும் விலை உயர்ந்த சட்டைக்கும் இது பொருந்தாது. அப்புறம், உச்சரிப்பு ‘ஸ்வாவ்’ தான், ‘சுவேவ்’ அல்ல.

பெரும்பாலும் ஆண்களுக்கே வழங்கும் சொல் என்பதால், பெண்களைப் பற்றி எழுதும்போது வேறு சொல் தேடுவது நல்லது. வேலைக்கான நற்சான்றுக் கடிதத்தில் கட்டாயம் தவிர்த்துவிடுங்கள். மேல்பூச்சு மட்டும்தான், உள்ளே அக்கறை குறைவு என்ற சாயலும் இந்தச் சொல்லுக்கு உண்டு.