நிறம் எங்கே இருக்கிறது? யோசிக்கும்போது வழுக்கும் இடங்கள்

செல்போன் திரையில் ஓர் எலுமிச்சம்பழப் படத்தைத் திறந்து, அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்துப் பாருங்கள். சொட்டுக்குள் தெரிவது சிவப்பும் பச்சையுமான பொடிப் புள்ளிகள். மஞ்சள் புள்ளி ஒன்றுகூட அங்கே கிடையாது. சொட்டைத் துடைத்தால் மறுபடியும் பளிச்சென்று மஞ்சள்.

நிறம் என்றால் ஒளியின் அலைநீளம், அவ்வளவுதான் என்பவர்கள் இந்தச் சொட்டில்தான் தடுக்கி விழுகிறார்கள். பள்ளியில் படித்தது பொய்யில்லை. சுமார் 580 நானோமீட்டர் ஒளி தனியாக வந்தால் மஞ்சளாகத்தான் தெரியும். ஆனால் சிவப்பொளியும் பச்சையொளியும் சரியான அளவில் கலந்து வந்தாலும் அதே மஞ்சள்தான். விழித்திரையில் நிறம் உணரும் மூன்று வகைக் கூம்பு செல்களுக்கு இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. சிவப்பும் நீலமும் கலந்த மெஜந்தாவுக்கோ தனக்கென்று ஓர் அலைநீளமே இல்லை. ஒளிக்கதிர்களுக்கு நிறம் கிடையாது, நிற உணர்வை எழுப்பும் ஆற்றல்தான் உண்டு என்று நியூட்டன் 1704-லேயே எழுதிவிட்டார்.

சரி, அப்போது நிறம் வெறும் மாயை என்று மறுபக்கம் சாய்கிறார்கள். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய தவறு. பார்ப்பவரைச் சார்ந்திருப்பது வேறு, பொய்யாக இருப்பது வேறு. சாக்லேட் நாய்க்கு விஷம், நமக்கு இல்லை. உடலுக்கு உடல் மாறுகிறதே, ஆகவே விஷம் என்பதே கற்பனை என்று யாராவது சொல்வார்களா?

‘அவரவர் கண்ணுக்கு அவரவர் நிறம்’ என்று விட்டுவிடுவதும் அவசரம்தான். 2015-ல் ஒரு கவுன் படம் இணையத்தையே இரண்டாக்கியது. சிலருக்கு நீலமும் கறுப்பும், சிலருக்கு வெள்ளையும் தங்க நிறமும். அந்த உடை உண்மையில் நீலமும் கறுப்பும்தான். மூளை எப்போதும் விழும் வெளிச்சத்தைக் கணித்து, அதைக் கழித்துவிட்டே நிறத்தைக் காட்டுகிறது. அந்தப் படத்தில் வெளிச்சம் எப்படிப்பட்டது என்பது தெளிவாக இல்லாததால் ஆளாளுக்குக் கணிப்பு மாறியது. வேறுபாட்டுக்கும் காரணம் உண்டு, அதைத் தேடலாம்.

நம் கண்ணையே அளவுகோலாக்குவதையும் விட்டுவிடலாம். தேனீ காணும் புறஊதாவை நாம் காண்பதில்லை.

அப்புறம் அந்தப் பழைய கேள்வி: இருட்டில் தக்காளி சிவப்பா? உடனே ஆம், இல்லை என்று சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் சிவப்பு என்ற உணர்வு யாருக்கும் எழவில்லை. ஆனால் வெளிச்சம் பட்டால் நமக்குச் சிவப்பாகத் தெரியக்கூடிய தன்மை அதன் தோலில் அப்படியே இருக்கிறது. டப்பாவுக்குள் காய்ந்து கிடக்கும்போதும் சர்க்கரை தண்ணீரில் கரையக்கூடியதுதானே!