பவுண்டரிக்காரரின் ‘ஒரு வாரம்’ எத்தனை நாள்?

கோவை கணபதிப் பக்கம் ஒரு மோட்டார் பம்பு தொழிற்கூடத்தில் பிளானிங் என் வேலை. அதற்கு முன்பு அங்கேயே ஒன்பது வருடம் ஸ்டோர்ஸ் பார்த்தேன். கொள்முதல், ஸ்டோர்ஸ், உற்பத்தி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் ஈஆர்பிநெக்ஸ்ட் மென்பொருளை நிறுவியபோது, ஒவ்வொரு பொருளுக்கும் லீட் டைம், அதாவது ஆர்டர் போட்டதிலிருந்து கைக்கு வரும் வரை ஆகும் காலம், எத்தனை நாள் என்று கேட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள். அலுப்பில் எல்லாவற்றுக்கும் 7 என்று போட்டுவிட்டேன். அடுத்த மாசியில், கிணறுகள் வற்றி டீலர்கள் நச்சரிக்கும் நேரத்தில், கம்பி சுற்றி முடித்த 40 ஸ்டேட்டர்கள் (மோட்டாரின் சுழலாத பகுதி) கேசிங் என்ற வெளிக்கூடு இல்லாமல் அலமாரியில் உட்கார்ந்திருந்தன. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அலமாரியை மட்டும் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

முதல் பாடம்: லீட் டைமை யாரிடமும் கேட்காதீர்கள். “அண்ணா, காஸ்டிங் எத்தனை நாளில் வரும்?” என்றால், “ஒரு வாரம் வைத்துக்கொள்ளம்மா” என்றுதான் கேசிங்குக்கான காஸ்டிங்கை (வார்ப்பை) ஊற்றித் தரும் பவுண்டரியில் சொல்வார்கள். அது பொய்யில்லை, அவர்களுடைய ஆசை. பழைய ரசீதுகளை எடுங்கள். ஆர்டர் போட்ட தேதியிலிருந்து, சரக்கு கேட்டுக்குள் வந்த தேதி வரை அல்ல, சோதனை முடிந்து ஸ்டோர்ஸ் கணக்கில் ஏறிய தேதி வரை எண்ணுங்கள். ஓட்டை விழுந்த காஸ்டிங் திரும்பிப் போய் வரும் நாளும் அதில் அடங்க வேண்டும்.

எங்கள் கேசிங்கின் கடைசிப் பன்னிரண்டு வரவுகள்: 7, 8, 8, 9, 9, 10, 10, 11, 12, 12, 13, 19 நாள்கள். சராசரி கிட்டத்தட்ட 11. சராசரியைப் போட்டால் பன்னிரண்டில் நான்கு முறை தாமதம். நான் 12 என்று போட்டேன். பத்து முறை அதற்குள் வந்திருக்கிறது. அந்த 19, பொங்கலை ஒட்டிப் போட்ட ஆர்டர். அதற்காக ஆண்டு முழுவதும் 19 நாள் காத்திருக்கத் தேவையில்லை. பொங்கலுக்கு முன்னால் மட்டும் ஆர்டரை முன்கூட்டிப் போட்டால் போதும்.

இங்கே ஒரு கணக்கு என்னைத் திடுக்கிட வைத்தது. அசெம்பிளிக்கு வெளியிலிருந்து ஐந்து பொருள்கள் வர வேண்டும். ஒவ்வொன்றும் ஆறில் ஐந்து முறை நேரத்துக்கு வந்தாலும், ஐந்தும் ஒருசேர வந்து நிற்பது ஐந்தில் இரண்டு முறைதான். அதற்காக ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு நாள் கூட்டிப் போடாதீர்கள். ஸ்டோர்ஸ் நிரம்பி வழியும், பணமும் முடங்கும். அசெம்பிளிக்கு முன்னால் ஒரே இடத்தில் மூன்று நாள் இடைவெளி விடுங்கள். எந்தப் பொருள் பிந்தினாலும் அது தாங்கிக்கொள்ளும்.

இனி எதை எங்கே போடுவது. வாங்கும் பொருளின் நாள்கள், பொருள் பதிவில் இருக்கும் லீட் டைம் கட்டத்தில். தானாக மறுகொள்முதல் கோரிக்கை எழும்போது மென்பொருள் அன்றைய தேதியோடு இந்த எண்ணைக் கூட்டி, வேண்டிய தேதியைப் போடும். அதற்கு ஞாயிறும் தெரியாது, தீபாவளியும் தெரியாது. ரசீதுத் தேதிகளிலிருந்து எடுத்த எண்ணில் விடுமுறைகள் ஏற்கெனவே கலந்திருப்பதால் பாதகமில்லை.

நம் கூடத்தில் நடக்கும் வேலை வேறு வகை. லேத், வைண்டிங், டெஸ்டிங் ஒவ்வொன்றுக்கும் ஆகும் நிமிடங்கள், ஒரு பம்புக்கு என்னென்ன சேரும் என்று சொல்லும் பொருள் பட்டியலின் செயல்முறைகளில் வரும். அந்தந்த வேலையிடத்துக்கு ஷிப்ட் நேரமும் விடுமுறைப் பட்டியலும் இணைக்க வேண்டும். ஆயுத பூஜையை மறக்க மாட்டீர்கள். துணை மின்நிலையப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். வார்னிஷில் தோய்த்த ஸ்டேட்டர் ஓவனில் (சூடேற்றும் அடுப்பில்) காயும் நேரத்தையும் தனிச் செயல்முறையாகவே எழுதுங்கள். இரண்டு வேலைகளுக்கு இடையே மென்பொருள் தானாக விடும் இடைவெளி பத்து நிமிடம்தான். அதற்குள் வார்னிஷ் காயாது. அடுத்த 30 நாள்களில் இயந்திரத்தில் இடமே இல்லை என்று எச்சரிக்கை வந்தால், அந்த 30ஐ 60 ஆக்கிவிட்டு நகராதீர்கள். உண்மையிலேயே இடமில்லையா என்று லேத்துக்குப் போய்ப் பாருங்கள்.

டியூ டேட்டிலிருந்து, அதாவது சரக்கு போய்ச் சேர வேண்டிய தேதியிலிருந்து, பின்னோக்கி எண்ணுங்கள். சரக்கு 30ஆம் தேதி டீலரிடம் இருக்க வேண்டும் என்றால்: லாரிக்கு 1 நாள், டெஸ்டிங்கும் பெயிண்டும் 2, அசெம்பிளி 3, இடைவெளி 3, மெஷினிங் 4, காஸ்டிங் 12. ஆக 25, கேசிங் ஆர்டர் 5ஆம் தேதியே போயிருக்க வேண்டும். செம்புக் கம்பி, வைண்டிங், ஓவன் சேர்ந்த கிளை 10 நாள். அது பக்கத்திலேயே நடப்பதால் கூட்டக் கூடாது. நீளமான கிளை மட்டும்தான் தேதியைத் தீர்மானிக்கும். 8ஆம் தேதி ஒரு டீலர் போன் செய்து 30க்குள் கேட்டால், கேசிங் கையிருப்பைப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். டீலரிடம் சொன்ன தேதி ஒன்று, கூடத்தில் முடிய வேண்டிய தேதி இன்னொன்று; இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதினால் லாரிக்கான நாள் காணாமல் போகும்.

எண்களைத் திருத்திய பிறகு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. ஏற்கெனவே போட்ட கொள்முதல் ஆர்டர்களிலும் பணி ஆணைகளிலும் பழைய தேதி அப்படியேதான் நிற்கும். ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற வேண்டும். எனக்கு இரண்டு சனிக்கிழமைகள் ஆயின.