நியூயார்க் ஸ்ப்ரிங்: எந்த வாரம் வர்றீங்களோ அதை வச்சு எங்க போறதுன்னு முடிவு பண்ணுங்க

நியூயார்க்ல ஸ்ப்ரிங் பாக்கணும்னு வர்றவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது "எந்த பார்க் பெஸ்ட்?"னுதான். என்னைக் கேட்டா பார்க்கை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல வாரத்தை பாருங்க. மார்ச் கடைசில இருந்து ஜூன் ஆரம்பம் வரைக்கும் இந்த ஊர்ல ஒண்ணு மாத்தி ஒண்ணு பூத்துக்கிட்டே இருக்கும், நீங்க இருக்குற வாரத்துல எது பூத்திருக்கோ அதைத் தேடிப் போனாலே போதும், இல்லாத பூவுக்காக ப்ரூக்ளின் வரைக்கும் போய் மொட்டை மரத்தைப் பாத்துட்டு வர வேணாம்.

மார்ச் கடைசில வர்றீங்கன்னா டாஃபடில்தான் உங்க பூ. 2001 செப்டம்பர் 11 தாக்குதல்ல இறந்தவங்க நினைவா வாலன்டியர்ஸ் ஊர் முழுக்க பார்க்ல, தெருவோரத்துலன்னு இதோட கிழங்கை நட ஆரம்பிச்சாங்க, அந்த வேலை இன்னமும் வருஷா வருஷம் நடக்குது, 2007ல அதையே இந்த ஊரோட அதிகாரப்பூர்வ பூவாவும் அறிவிச்சுட்டாங்க. இதுக்குன்னு தனியா எங்கயும் போக வேணாம், சும்மா நடந்தாலே மஞ்ச மஞ்சளா கண்ல படும். ஆனா குளிரை லேசா நினைக்காதீங்க, நல்லா வெயில் அடிக்கும்போதே 10 டிகிரி பக்கம்தான் இருக்கும், காத்து வேற. ஒரே தடி ஜாக்கெட்டுக்குப் பதிலா ரெண்டு மூணு லேயரா போட்டுக்கோங்க, மத்தியானம் ஒண்ணைக் கழட்டி பேக்ல வச்சுக்கலாம்.

ஏப்ரல் முதல் ரெண்டு வாரம் செர்ரி ஆரம்பிக்கும். இதுல ரெண்டு ரகத்தைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டா பாதி பிளான் முடிஞ்ச மாதிரி. முதல்ல வர்றது யோஷினோ, கிட்டத்தட்ட வெள்ளைன்னே சொல்லலாம், பூவுக்கு அஞ்சே இதழ், இலை வர்றதுக்கு முன்னாடியே மரம் முழுக்க பூத்துடும். பின்னாடி வர்றது கான்சான், நல்ல ரோஸ் கலர், ஒரு பூவுலயே இருபதுக்கு மேல இதழ் அடுக்கடுக்கா இருக்கும், கூடவே செம்பு நிறத்துல துளிர் இலையும் எட்டிப் பாக்கும். அதே சமயத்துல தெருவெல்லாம் வரிசையா வெள்ளையா பூத்து நிக்குற மரத்தைப் பாத்து இதுதான் செர்ரின்னு போட்டோ எடுக்காதீங்க, அது பெரும்பாலும் கேலரி பேர் (Callery pear)னு ஒரு வகை பேரிக்கா மரம். பக்கத்துல போனா மீன் நாத்தம் மாதிரி ஒண்ணு வரும், அப்பவே தெரிஞ்சுடும். செர்ரின்னா பட்டையில குறுக்குக் குறுக்கா கோடு ஓடும்.

யோஷினோவுக்கு சென்ட்ரல் பார்க் ரெசர்வாயர் போங்க. தண்ணியைச் சுத்தி சுமார் 2.5 கிலோமீட்டர் பாதை இருக்கு, ஃபிஃப்த் அவென்யூல 90வது தெரு பக்கமா உள்ள போனா கிழக்கு ஓரத்துல யோஷினோ, அப்படியே சுத்தி மேற்குப் பக்கம் வந்தா கான்சான் மரங்க. ஒரு பெரிய மழையும் காத்தும் வந்தா யோஷினோ மொத்தமும் ஒரே நாள்ல கொட்டிடும், அதனால பூத்திருக்குன்னு தெரிஞ்சா வீக்கெண்ட் வரட்டும்னு தள்ளிப் போடாம மறுநாள் காலைலயே போயிடுங்க.

ஏப்ரல் கடைசின்னா யோசிக்கவே வேணாம், ப்ரூக்ளின் பொட்டானிக் கார்டன். செர்ரி எஸ்பிளனேட்னு ஒரு புல்வெளி, ரெண்டு பக்கமும் கான்சான் வரிசை, பூத்த நாள்ல கீழ நின்னு மேல பாத்தா வானம் தெரியாது. அவங்க வெப்சைட்ல செர்ரிவாட்ச்னு ஒரு மேப் போடுவாங்க, ஒவ்வொரு மரமும் மொட்டா இருக்கா, முழுசா பூத்திருக்கா, உதிர ஆரம்பிச்சுடுச்சான்னு அதுல தெரியும். அதைப் பாத்துட்டு அப்புறம் டிக்கெட் போடுங்க. வார நாள் காலைல, திறந்த உடனே உள்ள போயிடுங்க, சனி ஞாயிறு மத்தியானம் அங்க மரத்தை விட தலைதான் அதிகம் தெரியும். 2 இல்லன்னா 3ம் நம்பர் சப்வே ட்ரெயின்ல வந்து ஈஸ்டர்ன் பார்க்வே ஸ்டேஷன்ல இறங்குனா பக்கம். போட்டோவுக்காக கிளையைப் பிடிச்சு இழுக்குறது, உலுக்கி இதழைக் கொட்ட வைக்குறது எல்லாம் தயவுசெஞ்சு வேணாம், அந்த மரத்துக்கு அது நிஜமான காயம்.

கூட்டமும் வேணாம் டிக்கெட்டும் வேணாம்னா அதே சமயத்துல சென்ட்ரல் பார்க்குக்குள்ளயே கன்சர்வேட்டரி கார்டன் இருக்கு, ஃபிஃப்த் அவென்யூ 105வது தெரு, ஃப்ரீ. டூலிப் பாத்தி பாத்தியா இருக்கும், பெஞ்சுல உக்காந்தா மேல கிராப்ஆப்பிள் பூ. வயசானவங்களைக் கூட்டிட்டு வர்றீங்கன்னா என்னோட முதல் சாய்ஸ் இதுதான், நடை கம்மி, சத்தமும் கம்மி. மே மாசம் இங்கயே பந்தல்ல விஸ்டீரியா ஊதா கலர்ல தொங்கும்.

ஈஸ்டர் ஞாயிறு மாட்டுச்சுன்னா ஃபிஃப்த் அவென்யூல செயின்ட் பேட்ரிக்ஸ் சர்ச் பக்கம் போயிடுங்க. ரோட்டை மூடிடுவாங்க, பூவும் பறவைக்கூடுமா தலைல பெரிய பெரிய தொப்பி வச்சுக்கிட்டு ஜனங்க நடந்து வருவாங்க, டிக்கெட் எதுவும் கிடையாது, யாரு வேணா தொப்பி போட்டு கூட நடக்கலாம்.

மே முதல் ரெண்டு வாரம் வர்றவங்க ரொம்ப பேரு ஒண்ணை விட்டுடுறாங்க, பறவை. தெக்க இருந்து வடக்க போற வார்ப்ளர் குருவிங்க ராத்திரில பறந்து, விடியும்போது இந்த கான்க்ரீட்டுக்கு நடுவுல பச்சையா தெரியுற சென்ட்ரல் பார்க்ல இறங்கும். ரேம்பிள்னு காடு மாதிரி ஒரு பகுதி இருக்கு, சுமார் 36 ஏக்கர், காலைல ஆறரை ஏழுக்கெல்லாம் அங்க இருங்க. முதல் நாள் ராத்திரி தெக்குக் காத்து அடிச்சிருந்தா அன்னிக்கு நிறைய இருக்கும், வடக்குக் காத்துன்னா தூங்கிக்கோங்க. பைனாகுலர் எடுத்துட்டு போங்க, போன்ல மெர்லின் ஆப் போட்டுக்கிட்டா சத்தத்தை வச்சே எந்தக் குருவின்னு சொல்லிடும். பைனாகுலரோட கூட்டமா மேல பாத்துட்டு நிக்குறவங்ககிட்ட என்ன பாக்குறீங்கன்னு கேளுங்க, சந்தோஷமா காட்டுவாங்க.

அரை நாள் மிச்சம் இருந்தா ரூஸ்வெல்ட் ஐலண்ட் ட்ராம், அதாவது ஆத்துக்கு மேல கம்பில தொங்கிக்கிட்டே தீவுக்குப் போற ரோப் கார், 59வது தெரு செகண்ட் அவென்யூல ஏறணும், சப்வே கட்டணம்தான், அந்தப் பக்கம் ஆத்தோரமா செர்ரி வரிசையும் இருக்கு. தும்மல், கண் அரிப்பு வர்ற உடம்புன்னா ஏப்ரல் மே மகரந்தம் படுத்தி எடுத்துடும், எப்பவும் சாப்பிடுற அலர்ஜி மாத்திரையை மறக்காதீங்க.

மழை பிடிச்சுக்கிச்சுன்னா ப்ராங்க்ஸ்ல நியூயார்க் பொட்டானிக்கல் கார்டன் கண்ணாடி மாளிகைக்குப் போயிடுங்க, பெரும்பாலும் ஏப்ரல் வரைக்கும் ஆர்க்கிட் ஷோ ஓடும், கிராண்ட் சென்ட்ரல்ல மெட்ரோ நார்த் ட்ரெயின் பிடிச்சா அரை மணி நேரத்துக்குள்ள கார்டன் பேர்லயே இருக்குற ஸ்டேஷன்ல இறங்கலாம்.