ஃபார் லூப்பை ஓரங்கட்டி ஜாவாஸ்கிரிப்ட் எழுதுவது எப்படி

ஒரு கடைக் கூடையை எடுத்துக்கொள்ளுங்கள். பொருள்கள் எல்லாம் ஒரு அர்ரேயில், அதாவது மதிப்புகளின் வரிசைப் பட்டியலில், இருக்கின்றன. அதில் இருப்பு உள்ளவற்றை மட்டும் பொறுக்கி, விலையை எடுத்து, மொத்தமாகக் கூட்ட வேண்டும். ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் ஃபார் லூப் இதற்கு வேண்டாம்: பொறுக்கும் ஃபில்டர், ஒவ்வொன்றையும் மாற்றித் தரும் மேப், எல்லாவற்றையும் ஒரே மதிப்பாகச் சுருக்கும் ரெட்யூஸ் மூன்றையும் புள்ளி வைத்து வரிசையாகக் கோத்துவிட்டால் வேலை முடிந்தது. 2009ல் வந்த ஈஎஸ்5 (ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையின் ஒரு பதிப்பு) முதலே இவை மொழிக்குள்ளேயே இருக்கின்றன, லைப்ரரி எதுவும் வேண்டாம்.

ரெட்யூஸுக்குத் தொடக்க மதிப்பாக 0 கொடுக்க மறக்காதீர்கள். மறந்தால், கூடை காலியாக இருக்கும் அன்றைக்கு டைப்எரர் என்ற பிழை வந்து நிற்கும்.

மேப்பில் ஒரு கண்ணி உண்டு. "10" என்ற சரம் (எழுத்துத் தொடர்) மூன்று முறை உள்ள அர்ரேயை மேப்பில் போட்டு, சரத்தை முழு எண்ணாக்கும் பார்ஸ்இன்ட்டை நேரடியாகக் கொடுத்துப் பாருங்கள்: 10, NaN (எண் அல்ல), 2 என்று வரும்! மேப் மதிப்போடு சேர்த்து அதன் இட எண்ணையும் அனுப்புகிறது, பார்ஸ்இன்ட் அதை எண்முறையின் அடிமானம் என்று எடுத்துக்கொள்கிறது. நம்பர் என்ற ஃபங்ஷனைக் கொடுங்கள், சரியாகிவிடும்.

அப்புறம் வரிசைப்படுத்தும் சார்ட். இது மூல அர்ரேயையே கலைத்து அடுக்கிவிடும், அதுவும் ஒப்பிடும் ஃபங்ஷன் கொடுக்காவிட்டால் எண்களையும் எழுத்துகளாகப் பார்த்து 10ஐ 9க்கு முன்னால் வைக்கும். ஈஎஸ்2023 தந்த டுசார்ட்டட் புது அர்ரே தரும்; பழைய பிரவுசர் என்றால் முதலில் [...அர்ரே] என்று மூன்று புள்ளி போட்டு நகல் எடுத்துவிட்டு அதைச் சார்ட் செய்யுங்கள். நகல் மேலோட்டமானதுதான், உள்ளே இருக்கும் ஆப்ஜெக்ட்கள் அதேதான்.

எல்லாவற்றையும் ரெட்யூஸுக்குள் திணிக்காதீர்கள், படிப்பவர் பாவம்.