துறைமுகத்திலும் கப்பலிலும் படமெடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

தொழிற்சாலைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் படமெடுத்துத் தேர்ந்தவர்கள்கூட முதல்முறை கப்பலேறும்போது திணறுவார்கள். கரையில் கைகொடுக்கும் பழக்கங்களே இங்கே காலை வாரிவிடும். ட்ரைபாடில் வைத்தால் படம் கலங்கும். ஃபிளாஷ் அடித்தால் ஆள் இருண்டுபோய் அவர் சட்டையில் உள்ள ஒளிதிருப்பும் பட்டை மட்டும் பளீரென்று தெரியும். புறப்பட்ட இடத்துக்குத் திரும்பச் சொன்ன ட்ரோன் நடுக்கடலில் இறங்கப் பார்க்கும்.

ஒரு பாஸ் போதும் என்று நினைப்பது

துறைமுக வாசலில் தரும் பாஸ் உள்ளே போவதற்கு மட்டும்தான். கேமராவுக்குத் தனி அனுமதி வேண்டும். ஐஎஸ்பிஎஸ் எனப்படும் சர்வதேசப் பாதுகாப்பு விதிகள் 2004 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றின்படி ஒவ்வொரு முனையத்துக்கும் ஒரு பாதுகாப்பு அதிகாரி உண்டு. கப்பலுக்குத் தனியாக ஒருவர் உண்டு. முனையம் சரி என்றாலும் கேப்டன் மறுக்கலாம், அதற்கு மேல் பேச்சில்லை. அதனால் கப்பல் நிறுவனத்தின் கடிதம் கப்பல் வருவதற்கு முன்பே கேப்டன் கைக்குப் போயிருக்க வேண்டும். கப்பலேறும் படியான கேங்வேயில் நின்றுகொண்டு விளக்கம் சொல்லத் தொடங்கினால் பாதி நாள் அங்கேயே போய்விடும். கேமரா, லென்ஸ்களின் வரிசை எண்களை எழுதிய பட்டியல் இரண்டு பிரதி எடுத்துப்போவது நல்லது. உள்ளே போகும்போது யாரும் கேட்காமல் விட்டாலும் வெளியே வரும்போது கேட்பார்கள்.

எடுக்கக் கூடாதவற்றையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிசிடிவி அறை, காவல் வாயில், ஊழியர் பெயர்கள் ஒட்டிய பலகை, கணினித் திரைகள் எல்லாம் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும். பலர் மறப்பது கன்டெய்னர் எண். நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட அந்த எண் தெளிவாகத் தெரிந்தால் யாருடைய பெட்டி, எந்தத் தேதியில் எங்கே இருந்தது என்பது ஊருக்கே தெரிந்துவிடும். வாடிக்கையாளர் அதை விரும்புகிறாரா என்று கேளுங்கள்.

வ்யூஃபைண்டருக்குள் பார்த்துக்கொண்டே நகர்வது

கப்பலைக் கட்டியிருக்கும் கயிறு அழகான முன்புலம். ஆனால் இழுவிசை ஏறிய கயிறு அறுந்தால், அது சாட்டை வேகத்தில் திரும்பி அடிக்கும் பரப்பு ஒன்று உண்டு. கயிறு நேர்கோட்டில் போகும் திசையோடு அந்தப் பரப்பு முடிவதில்லை. உருளைகளைச் சுற்றித் திரும்பும் கயிறு எதிர்பாராத பக்கம் பாயும். புதுவகைச் செயற்கை இழைக் கயிறு திருப்பி அடிக்காது என்ற பேச்சை நம்ப வேண்டாம். கயிறு இழுக்கும் நேரத்தில் முன்தளத்திலும் பின்தளத்திலும் கால் வைக்காமல், மேலிருந்து நீளமான லென்ஸில் எடுப்பதே முறை. தரையில் வளையமாகக் கிடக்கும் கயிற்றுக்குள் ஒருபோதும் நிற்காதீர்கள்.

தொங்கும் சுமைக்குக் கீழே நிற்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். பலரும் கவனிக்காமல் விடுவது கிரேன் ஓடும் தண்டவாளத்தை. தாழ்ந்த கோணம் கிடைக்கிறதே என்று அதில் ட்ரைபாட் காலை ஊன்றுவார்கள். கிரேன் மெதுவாகத்தான் நகரும், ஆனால் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். படமெடுப்பவருக்குப் பின்னால் நின்று சுற்றிலும் பார்க்க இன்னொருவர் கட்டாயம் வேண்டும்.

இதற்காக வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. கன்டெய்னர் கிரேன் ஒன்று பெட்டியை எடுத்து வைத்துத் திரும்ப ஏறக்குறைய இரண்டு மூன்று நிமிடம் ஆகும். தவறவிட்ட காட்சி மீண்டும் மீண்டும் வரும். முதல் சுற்றில் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள், அடுத்ததில் எடுங்கள்.

எண்ணெய்க் கப்பலில் சாதாரணக் கேமரா

பகலில் சிவப்புக் கொடி, இரவில் சுற்றிலும் தெரியும் சிவப்பு விளக்கு. இரண்டில் எது தெரிந்தாலும் அபாயகரமான சரக்கு ஏறுகிறது, இறங்குகிறது அல்லது கப்பல் எரிபொருள் நிரப்புகிறது என்று பொருள். சாதாரண டிஜிட்டல் கேமரா எரிவாயு உள்ள இடத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. ஃபிளாஷில் மட்டும்தான் ஆபத்து என்று நினைத்து அதை அணைத்துவிட்டுப் போவது பெரிய தவறு. பேட்டரி, மோட்டார், ஸ்விட்ச் எல்லாமே பொறி உண்டாக்கக் கூடியவை. சட்டைப்பையில் இருக்கும் செல்போனும் கையிலுள்ள ஸ்மார்ட் வாட்சும்கூட அப்படித்தான். சரக்குத் தளத்தில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் அதற்குச் சான்று பெற்ற கேமரா வேண்டும். இல்லையென்றால் வாயு அளந்து, எழுத்துமூல அனுமதி பெற வேண்டும். அபாயப் பகுதிக்கு வெளியே நின்று 200 மில்லிமீட்டர் லென்ஸில் எடுப்பது இரண்டையும்விட எளிது. தானியமும் நிலக்கரியும் கையாளும் இடத்தில் மிதக்கும் தூசும் தீப்பற்றக் கூடியதே. அங்கே லென்ஸையும் மாற்றாதீர்கள்.

காலியான சரக்கு அறைக்குள் இறங்கி அண்ணாந்து ஒரு படம் எடுக்க எல்லோருக்கும் ஆசை வரும். நிலக்கரி, மரம், பழைய இரும்பு ஆகியவை இருந்த அறையிலும், இறங்கும் ஏணிக்கூண்டிலும் ஆக்சிஜன் குறைந்திருக்கும். துருப்பிடிக்கும் இரும்பே காற்றிலுள்ள ஆக்சிஜனைக் குடித்துவிடும். வாசனை எதுவும் வராது, மூச்சுத் திணறலும் தெரியாது, ஆள் அப்படியே விழுவார். காற்றில் இயல்பான அளவு ஏறத்தாழ 21 சதவீதம். அதை அளந்து, கையெழுத்துப் போட்ட அனுமதி இல்லாமல் உள்ளே எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம்.

எஞ்சின் அறையில் வரும் இரண்டு கோளாறுகள்

முதலாவது, படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக நிழல். பெரும்பாலான கப்பல்களில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். விளக்குகள் நொடிக்கு 120 முறை மங்கித் தெளியும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் பழகியவர் கை தானாக 1/50, 1/100 ஷட்டர் வேகத்துக்குப் போகும். அங்கே சரியாக இருந்த வேகம் இங்கே ஒவ்வொரு படத்திலும் வெளிச்சத்தை மாற்றிக் காட்டும். 1/60 அல்லது 1/125 வைத்துப் பாருங்கள். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிடுங்கள், பட்டை விழுவது பெரும்பாலும் அதனால்தான். எஞ்சின் கட்டுப்பாட்டு அறையில் உள்ள மின்பலகையில் அலைவெண் காட்டும் மீட்டர் இருக்கும். அதன் முள் 60இல் நிற்கிறதா 50இல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினால் ஊகிக்க வேண்டியதே இல்லை.

இரண்டாவது, அதிர்வு. கடலில் பிரதான எஞ்சின் ஓடும்போது நடைபாதைத் தகடு, கைப்பிடிக் கம்பி எல்லாம் நடுங்கும். ட்ரைபாட் அந்த நடுக்கத்தைச் சிந்தாமல் சிதறாமல் கேமராவுக்குக் கொண்டுபோகும். உடம்புதான் இங்கே நல்ல தாங்கி: முழங்காலைச் சற்று மடக்கி, முழங்கையை விலாவோடு ஒட்டி, எதிலும் சாயாமல் நின்று, 1/125இல் நாலைந்து படம் தொடர்ச்சியாக எடுங்கள். ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளியுணர்திறன், 3200 ஆனாலும் பரவாயில்லை; மணல்மணலாகத் தெரியும் படத்தைச் சீர்செய்யலாம், கலங்கிய படத்தைச் செய்ய முடியாது. ட்ரைபாட் இல்லாமல் முடியாது என்ற படங்களைக் கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளுக்கு ஒதுக்குங்கள். அப்போது பிரதான எஞ்சின் நின்று ஜெனரேட்டர்கள் மட்டும் ஓடும், சூடும் குறையும்.

காதடைப்பான் இல்லாமல் இறங்கக் கூடாது. எஞ்சின் அறைக்குச் சர்வதேச விதி அனுமதிக்கும் உச்ச அளவே 110 டெசிபல். பேச்சு கேட்காது என்பதால் 'நில்', 'திரும்பு', 'வெளியேறு' ஆகியவற்றுக்கான சைகைகளை மேலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். தீயை அணைக்க அறைக்குள் வாயுவை நிரப்பும் முன் அடிக்கும் கார்பன் டை ஆக்சைடு அலாரம் எப்படி ஒலிக்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அது அடித்தால் பையை விட்டுவிட்டு ஓட வேண்டும்.

ஃபிளாஷ்

ஊழியர்களின் மேலாடையில் உள்ள பளபளக்கும் பட்டை, வெளிச்சம் வந்த திசைக்கே அதைத் திருப்பி அனுப்பும். ஃபிளாஷ் கேமராவின் தலையில் இருந்தால் அந்த ஒளி நேராக லென்ஸுக்குள் வரும். ஃபிளாஷைக் கழற்றிக் கைநீட்டும் தூரத்துக்கோ ஒரு மீட்டருக்கோ பக்கவாட்டில் பிடித்தால் பட்டை அடங்கி முகம் தெளியும். ஆள் தொலைவில் இருந்தால் இந்த வழியும் உதவாது. கோணம் மிகவும் குறுகிவிடும். அங்கே ஃபிளாஷையே மறந்துவிடுங்கள்.

கிரேன் ஓட்டுநர், வண்டி ஓட்டுநர் கண்ணில் படும்படி அடிக்கவே கூடாது. இரவில், கப்பலை இயக்கும் அறையான பிரிட்ஜில் நிலைமை இன்னும் கடுமை. இருட்டுக்கு முழுமையாகப் பழகக் கண்ணுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும், ஒரு மின்னல் அதைக் கெடுத்துவிடும். ஃபோகஸுக்கு உதவும் சிறு விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டுங்கள், பின்திரையின் ஒளியைக் குறையுங்கள், எடுத்த படம் தானாகத் திரையில் வருவதை நிறுத்துங்கள். லென்ஸில் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் மாட்டியிருந்தால் கழற்றுங்கள். அது சில கோணங்களில் ரேடார், வரைபடத் திரைகளைக் கறுப்பாக்கிவிடும்.

கயிற்றால் கட்டிய கப்பல் அசையாது என்ற நம்பிக்கை

அந்தி நீலத்தில் எட்டு நொடி எக்ஸ்போஷர் வைத்தால் கிரேன்கள் கத்தி முனைபோல் வரும், கப்பலின் பெயர் மட்டும் இரண்டாகத் தெரியும். அலை, பக்கத்தில் கடந்துபோகும் கப்பல், ஏறும் சுமை எல்லாமே அதை அசைத்துக்கொண்டிருக்கும். கரைக்கு நீண்ட நேரமும் கப்பலுக்கு ஐஎஸ்ஓ கூட்டிக் குறைந்த நேரமும் வைத்து இரண்டு படம் எடுத்துப் பிறகு இணைக்கலாம். எடுத்ததும் கப்பலின் பெயரைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். சோடியம் விளக்கு இன்னும் எரியும் முனையங்களில் நிறுவனத்தின் நிறத்தை எந்த ஒயிட் பேலன்ஸும் மீட்டுத் தராது; வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

ஈரமும் உப்பும்

ஏசி அறையிலிருந்து புழுக்கமான தளத்துக்கு வந்ததும் லென்ஸில் பனி படரும். துடைக்கத் துடைக்க மீண்டும் படரும். பொறுமையிழந்து லென்ஸைக் கழற்றினால் உள்ளேயும் படரும். அறைக்குள்ளேயே கேமராவைக் காற்றுப்புகாத பையில் போட்டு மூடி, வெளியே கொண்டுவந்து 20 முதல் 30 நிமிடம் கழித்துத் திறங்கள். கடல் தூவானம் பட்டால் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்புத்தூள் கண்ணாடிப் பூச்சைக் கீறும். நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றியெடுங்கள்.

ட்ரோன்

இரும்புத் தளத்தில் வைத்துத் திசைகாட்டியைச் சரிசெய்தால் அது தப்பாகவே பதியும். அதைவிடப் பெரிய சிக்கல், ட்ரோன் நினைவில் வைத்திருக்கும் 'வீடு'. 12 நாட் வேகத்தில் போகும் கப்பல் ஐந்து நிமிடத்தில் ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர், நகர்ந்துவிடும். சிக்னல் அறுந்தால் ட்ரோன் புறப்பட்ட புள்ளிக்கே போகும், அங்கே தண்ணீர்தான் இருக்கும். கன்ட்ரோலர் இருக்கும் இடத்தையே வீடாக அவ்வப்போது மாற்றும் வசதி உள்ள மாடலாக இல்லையென்றால், ஓடும் கப்பலிலிருந்து பறக்கவிடாதீர்கள்.

திருப்பி அனுப்பப்படும் படங்கள்

ஒளியும் அமைப்பும் பிரமாதமாக இருந்தும் வாடிக்கையாளரின் பாதுகாப்புப் பிரிவு படத்தை நிராகரிப்பது சகஜம். ஹெல்மெட் பட்டை கட்டப்படவில்லை, ஒருவர் கையுறை இல்லாமல் நிற்கிறார், பின்னால் யாரோ தடுப்புக் கம்பியில் கால் வைத்திருக்கிறார். ஷட்டரை அழுத்துமுன் தலை, கண், கை, கால் என்று மேலிருந்து கீழாக ஒவ்வொருவரையும் பார்ப்பதற்குப் பத்து நொடிகூட ஆகாது. கொடி கிழிந்திருக்கிறதா, நங்கூரத்துக்குக் கீழே துரு வழிந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். கப்பல் எந்தப் பக்கம் கரையை ஒட்டி நிற்கும், வெயில் எப்போது அதில் விழும், சுமையோடு தாழ்ந்திருக்குமா, காலியாக உயர்ந்திருக்குமா என்பதை முதல் நாளே கப்பலின் முகவரிடம் கேட்டு வையுங்கள்.

படக்கோப்பின் விவரத்தில் கப்பலின் பெயரை மட்டும் எழுதுவது போதாது. கப்பல்கள் விற்கப்படும், பெயரும் நிறமும் மாறும். சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஏழு இலக்க ஐஎம்ஓ எண் மட்டும் கடைசிவரை மாறாது. அதையும் தேதியையும் கப்பல் நின்ற பெர்த்தின் பெயரையும் அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.