இடர் மிகுந்த பச்சிளங்குழந்தைகள்: செவிலியர் கவனிப்பும் அடிக்கடி நேரும் சிக்கல்களும்

37 வாரங்கள் நிறையும் முன்பே பிறந்தவை, 2,500 கிராமுக்கும் குறைந்த எடையில் பிறந்தவை, நீரிழிவுள்ள தாய்க்குப் பிறந்தவை, பிறந்தவுடன் அழாமல் மூச்சுமுட்டலுக்கு உள்ளானவை, கருப்பைக்குள்ளேயே மலம் கழித்து அது கலந்த பனிக்குட நீரை உள்ளிழுத்தவை ஆகிய குழந்தைகளை இடர் மிகுந்த பச்சிளங்குழந்தைகள் என்கிறோம். இவர்களுக்கு நேரக்கூடிய சிக்கல்கள் பல. அவற்றைக் காட்டிக்கொடுக்கும் அறிகுறிகளோ சில. உடல் சில்லிடுவது, பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, மூச்சு விட்டுவிட்டு வருவது ஆகிய நான்கும் கிருமித்தொற்றிலும் தோன்றும். இரத்தச் சர்க்கரை குறைந்தாலும் தோன்றும். மூளைக்குள் இரத்தம் கசிந்தாலும் தோன்றும். ஆகவே, குழந்தை முந்தைய வேளைபோல் இல்லை என்று பட்டவுடன், நோயின் பெயர் என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிராமல், மூச்சு, உடல் வெப்பம், சர்க்கரை ஆகிய மூன்றையும் அதே வரிசையில் பார்த்து மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மூச்சிலேயே கோளாறு தெரிந்தால், மற்ற இரண்டுக்கும் காத்திராமல் உடனே உதவிக்கு அழைக்க வேண்டும்.

மூன்றினுள் மிக எளிதாகக் காக்கக்கூடியதும், மிக எளிதாகக் கைவிடப்படுவதும் உடல் வெப்பம்தான். அக்குளில் அளக்கும் வெப்பநிலை 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். பச்சிளங்குழந்தைக்குப் பெரியவர்களைப்போல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. கழுத்தையும் தோள்பட்டையையும் ஒட்டியுள்ள பழுப்புக் கொழுப்பை எரித்தே அது வெப்பம் உண்டாக்கும். குறைமாதக் குழந்தையிடம் அந்தக் கொழுப்பும் போதிய அளவு இராது. குளிர்ந்த குழந்தை கூடுதல் ஆக்சிஜனைச் செலவிடும், இருக்கும் சர்க்கரையையும் தீர்த்துவிடும். அதனால் இரத்தத்தில் அமிலத்தன்மை ஏறி, நுரையீரலை விரித்து வைக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருளின் உற்பத்தி குறைந்து, மூச்சு மேலும் திணறும். சில்லிட்ட கால் ஒன்றைப் பொருட்படுத்தாமல் விட்டால் அது மூச்சுத்திணறலில் போய் முடியக்கூடும் என்பது இதனால்தான்.

பிரசவ அறையின் வெப்பநிலை 25 டிகிரிக்குக் குறையாதவாறு முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். 32 வாரங்களுக்கு முன் பிறக்கும் குழந்தையைத் துடைத்துக்கொண்டிராமல், ஈரத்தோடு கழுத்து வரை தூய பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, தலைக்குத் தொப்பி அணிவித்து, மேலிருந்து வெப்பம் தரும் வார்மர் கருவியின் கீழ் கிடத்த வேண்டும். வார்மரில் புரோப் எனப்படும் உணரியை வயிற்றின் மேல், எலும்பில்லாத இடத்தில் ஒட்ட வேண்டும். அது கழன்றுவிட்டால், குழந்தை குளிர்ந்துவிட்டதாக இயந்திரம் எண்ணி வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே போகும். குழந்தையின் உடலுக்கடியில் சிக்கிக்கொண்டால் இதற்கு நேர்மாறாக நடக்கும். திரையில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாமல், புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்ப்பது நல்லது: இரண்டும் இதமாக இருந்தால் சரி, பாதம் மட்டும் சில்லென்றிருந்தால் குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது, இரண்டும் சில்லென்றிருந்தால் அவசரநிலை. முதல் 24 மணி நேரத்தில் குளிப்பாட்டக் கூடாது.

இயந்திரங்களைவிடத் தாயின் மார்பு இதில் எவ்வகையிலும் குறைந்ததன்று. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாக்குறையாலும் தொற்றாலும் குழந்தைகள் இறப்பதைக் கண்ட மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா, குழந்தையைத் தாயின் மார்பில் தோலோடு தோல் ஒட்ட வைத்துக் காக்கும் கங்காரு பராமரிப்பைத் தொடங்கினார். அதை, உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பரிந்துரைகளில், பிறந்தவுடன் இயன்றவரை விரைவாகத் தொடங்கி, நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை அளிக்குமாறு கூறுகிறது. குழந்தையை மார்பகங்களுக்கு நடுவே நிமிர்த்தி வைத்து, தலையை ஒருபுறம் திருப்பிச் சற்றே உயர்த்தி, கைகால்களைத் தவளைபோல் மடக்கி, துணியால் இறுகக் கட்ட வேண்டும். தாடை நெஞ்சில் படியும்படி கழுத்து மடங்கினால் மூச்சு தடைபடும்.

மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். குறைமாதக் குழந்தை சில நொடிகள் நிறுத்தி மீண்டும் மூச்சுவிடுவது இயல்பு. 15 நொடிகள் எண்ணி நான்கால் பெருக்குவது தவறான கணக்கைத் தரும். நிமிடத்துக்கு 60-க்கு மேல் போனாலும், விலா இடுக்குகள் உள்வாங்கினாலும், மூக்குத்துளைகள் விரிந்தாலும், மூச்சை வெளிவிடும்போது முனகல் கேட்டாலும் அது மூச்சுத்திணறல். மூச்சு 20 நொடிகள் நின்றால், அல்லது அதற்குள்ளாகவே இதயத்துடிப்பு 100-க்குக் கீழ் இறங்கினால், கழுத்தை நேராக்கி, உள்ளங்காலையோ முதுகையோ மெல்லத் தேய்க்க வேண்டும், குலுக்கவே கூடாது. மூச்சு திரும்பாவிட்டால் பை, முகமூடி கொண்டு காற்றளிக்க வேண்டும். மூக்கு வழியே தொடர்ந்து காற்றழுத்தம் தரும் சிபாப் கருவி பொருத்திய குழந்தைக்கு மூக்கின் நடுச்சுவர் அழுந்திப் புண்ணாகாமலும், வயிற்றில் காற்று சேராமலும் பார்த்துக்கொள்வது செவிலியரின் பொறுப்பு. கூடுதல் ஆக்சிஜன் பெறும் குறைமாதக் குழந்தைக்கு, இரத்தத்தில் ஆக்சிஜனின் செறிவு 90 முதல் 95 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும். 100 என்று காட்டுவது பார்ப்பவருக்கு நிம்மதி தரலாம். ஆனால் மிகுந்த ஆக்சிஜன் விழித்திரையின் இரத்தக்குழாய்களைக் கெடுத்துப் பார்வையைப் பறிக்கக்கூடியது.

சர்க்கரையைப் பார்க்கக் குதிகாலின் பக்கவாட்டில்தான் குத்த வேண்டும், நடுவில் கூடாது. அளவு டெசிலிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். கைகால் நடுங்கினால் மெல்லப் பற்றிப் பார்க்கலாம்: பிடித்தவுடன் நின்றால் அது வெறும் நடுக்கம், பிடித்தும் துடித்தால் வலிப்பு. இரண்டிலும் சர்க்கரையைப் பார்த்தாக வேண்டும்.

உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் ஒத்திசைவு ஏறத்தாழ 34 வாரங்களில்தான் கைகூடும். அதற்கு முன் பிறந்தவர்களுக்குத் தாயின் பாலை, குறிப்பாகச் சீம்பாலை, குழாய் வழியே கொடுக்க வேண்டும். வயிறு உப்பிப் பளபளத்தாலோ, பச்சை நிறத்தில் வாந்தி வந்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, குடல் அழுகல் நோயாக இருக்கக்கூடும் என்பதால், அடுத்த வேளைப் பாலை நிறுத்திவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். தாய்ப்பால் இந்நோயின் வாய்ப்பைக் குறைக்கும். தொற்றைத் தடுக்கும் வழிகளில் கை கழுவுவதற்கு ஈடானது வேறில்லை.

மஞ்சள் காமாலை முதல் 24 மணி நேரத்துக்குள் தெரிந்தால் அது இயல்பானதன்று. காமாலையைக் குறைக்கும் ஒளி சிகிச்சைக்கு வழிகாட்டியவர் ஒரு செவிலியர் என்பதை இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது: 1950-களில் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்ட் மருத்துவமனையில் சிஸ்டர் வார்டு, வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் தோல் வெளிறியும், படாத இடத்தில் மஞ்சளாகவும் இருப்பதைக் கவனித்துச் சொன்னார். சிகிச்சையின்போது கண்களை மூடி, அணையாடை தவிர மற்ற ஆடைகளைக் களைந்து, பாலை இடைவிடாமல் கொடுக்க வேண்டும். ஒளி பட்ட தோலின் நிறத்தைக் கொண்டு காமாலை குறைந்துவிட்டதாக முடிவு செய்யக் கூடாது. இரத்தப் பரிசோதனையே சரியான அளவைக் காட்டும்.

மிகக் குறைமாதக் குழந்தைக்கு மூளைக்குள் இரத்தம் கசிவது பெரும்பாலும் முதல் 72 மணி நேரத்துக்குள்தான். அந்நாட்களில் தலையை உடலின் நேர்கோட்டில் வைத்து, அணையாடை மாற்றுவது, வெப்பம் பார்ப்பது, பால் கொடுப்பது ஆகியவற்றை ஒரே வேளையில் முடித்துவிட்டு, குழந்தையைத் தொடாமல் உறங்கவிட வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், பால் குடிக்காமை, சில்லிடுதல், வலிப்பு, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே திரும்பி வருமாறு பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். விழித்திரைப் பரிசோதனை தேவைப்படும் குறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அதைப் பிறந்த நான்காவது வாரத்தில் செய்ய வேண்டியிருப்பதால், அதன் தேதியையும் செவிப் பரிசோதனையின் தேதியையும் வாய்மொழியாக விடாமல், விடுப்புச் சீட்டில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும்.