பெரிய மீனாகப் பொறுக்கினால் போதுமா? தாய்மீன் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஹேச்சரி (மீன்குஞ்சுப் பொரிப்பகம்) தொடங்குகிறவர்களில் பாதிப்பேர் என்னிடம் ஒரே ஆசையோடுதான் வருகிறார்கள்: "நம்ம குட்டையிலயே நல்ல ரகம் ஒண்ணு உருவாக்கலாம்னு இருக்கேன் அண்ணே." நல்ல ஆசைதான். ஆனால் இரண்டு கேள்வி கேட்டதுமே எங்கே சறுக்கப் போகிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது. அந்தச் சறுக்கல்களில் பல எனக்கும் பழக்கமானவைதான்.

ஆக்சிஜன் குறைவது, முட்டையிட வைக்கும் ஊசி மருந்தின் அளவு தப்புவது, ஹாப்பா (குட்டைக்குள் கட்டும் வலைத் தொட்டி) கிழிவது பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. அவற்றை ஒரு சீசன் அடித்துச் சொல்லிக்கொடுத்துவிடும். தாய்மீன் (இனவிருத்திக்கென்று வைக்கும் ஆண், பெண் மீன்கள்) பொறுக்குவதில் நடந்து, நாலைந்து வருடம் கழித்து மெதுவாக முகத்தைக் காட்டும் தவறுகள் வேறு. அவற்றைத்தான் சொல்கிறேன்.

விற்று மிஞ்சியதைத் தாய்மீனாக வைப்பது

அறுவடையன்று விலை நன்றாக இருக்கிறது. பெரியதெல்லாம் வண்டியில் ஏறிவிடுகிறது. வலையில் மிஞ்சியதை "அடுத்த வருஷத்துக்கு ஆகும்" என்று தாய்க் குட்டையில் விடுகிறார்கள். இதுவும் தேர்வுதான், ஆனால் தலைகீழான தேர்வு. வேகமாக வளர்ந்தது சந்தைக்கு, மந்தமானது இனவிருத்திக்கு. தாய்மீனை எடுத்து ஒதுக்கிய பிறகுதான் வியாபாரியைக் குட்டைப் பக்கம் விட வேண்டும்.

ஒரே ஹாப்பாவின் பிள்ளைகளைத் தாய்மீனாக்குவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இது. இன்னும் எரிச்சல் வருகிறது.

டெல்டா பக்கம் ஒருவர் தன் ரோகுவைக் காட்ட அழைத்தார். மூன்று தலைமுறையாகப் பெரிய மீனாகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தது என்றார். இழுவலை போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பார்க்க அழகான மீன்கள். ஒன்றைக் கையில் எடுத்தேன். செவுள் மூடி ஒரு பக்கம் குட்டையாக இருந்தது. அது மூட வேண்டிய இடத்தில் செவுளின் சிவப்பு விளிம்பு வெளியே தெரிந்தது. "வலையில அடிபட்டிருக்கும்" என்றார். அடுத்த கூடையிலும் அப்படி இரண்டு. தீவனக் குறையாலும் இப்படி வரும். ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடலாம். கூடைக்குக் கூடை வந்தால் விடக்கூடாது, சொந்தத்துக்குள்ளேயே இணைந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

முதல் வருடம் எத்தனை தாய், எத்தனை தகப்பன் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார்: 3 பெண், 4 ஆண். அப்புறம்? அடுத்த இரண்டு முறையும் ஏறக்குறைய அதே கணக்கு. "ஆனா இப்ப குட்டையில 300 தாய்மீன் நிக்குதே" என்றார்.

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ரோகுவில் ஒரு கிலோ பெண்மீன் ஏறத்தாழ 2 லட்சம் முட்டை இடும். மாடு வளர்ப்பவருக்கு 300 கன்று வேண்டும் என்றால் நிறைய தாய்மாடுகள் தேவை. மீன்காரருக்கு ஒரே ஒரு மீன் போதும். அந்த வசதிதான் பொறி. 300 மீன் நின்றாலும் அவை எல்லாம் 7 மீன்களின் பிள்ளைகள்.

கணக்கு எளிது. ஆண் எண்ணிக்கையைப் பெண் எண்ணிக்கையால் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் இனவிருத்தியில் உண்மையாகப் பங்குபெறும் மீன் எத்தனை என்று தெரியும். அவருக்கு வந்தது 7-க்கும் குறைவு. 1-ஐ இந்த விடையின் இரு மடங்கால் வகுத்தால், ஒரு தலைமுறைக்கு இரத்த உறவுக் கலப்பு எவ்வளவு ஏறுகிறது என்று வரும்: சுமார் 7 சதவீதம். மூன்று தலைமுறையில் அது 20 சதவீதத்தை எட்டிவிடும். கூடப்பிறந்த இரண்டை நேரடியாக இணைத்தாலே பிள்ளைக்கு வருவது 25தான். பெண்ணை மட்டும் கூட்டிப் பயனில்லை என்பதும் இதே கணக்கில் தெரியும். 50 பெண்ணுக்கு 5 ஆண் வைத்தால் விடை 18தான். 25-க்கு 25 வைத்தால் 50.

பெரிய மீனாகப் பொறுக்குவது இதை இன்னும் மோசமாக்குகிறது. முதலில் பொரித்த குஞ்சு முதலில் தின்னும், அந்த ஓரிரு நாள் முந்தல் கடைசி வரை நிற்கும். அதனால் கூட்டத்தில் பெரியவை பெரும்பாலும் ஒரே தாயின் பிள்ளைகளாக அமைந்துவிடுகின்றன. நல்ல இரத்தத்தைப் பொறுக்குகிறோம் என்று நினைத்து ஒரு குடும்பத்தைப் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

"ஆனா மீன் பெருசா வருதே" என்பது அவருடைய கடைசி வாதம். வருகிறதுதான். அந்த வருடங்களில் அவர் ஏக்கருக்கு விடும் குஞ்சைக் குறைத்திருந்தார். தவிடு, பிண்ணாக்கிலிருந்து மிதவைத் தீவனத்துக்கும் மாறியிருந்தார். வளர்ச்சி எதனால் வந்தது என்று எப்படிச் சொல்வது? வெளியிலிருந்து சாதாரணக் குஞ்சு கொஞ்சம் வாங்கி, துடுப்பு நறுக்கி அடையாளம் வைத்து, அதே குட்டையில் சேர்த்து வளர்த்தால்தான் தெரியும். அதை அவர் செய்யவே இல்லை. யாருமே செய்வதில்லை.

இது ஒருவர் கதை மட்டுமல்ல. ஏக்நாத், டாயில் என்ற இரு ஆய்வாளர்கள் கர்நாடகப் பொரிப்பகங்களை வைத்து 1990-இல் வெளியிட்ட ஆய்வில் இரத்த உறவுக் கலப்பின் ஏற்றம் 2 முதல் 17 சதவீதம் வரை இருந்தது. நம் ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடநாட்டு ஆற்று மீன்கள். தமிழ்நாட்டுக்குக் குஞ்சாகக் கொண்டுவரப்பட்டவை. காவிரியில் வலை போட்டுப் புது இரத்தம் பிடித்துவிடலாம் என்றால் முடியாது. அங்கே இருப்பதும் நம் பொரிப்பகங்களிலிருந்து போன சொந்தக்காரர்கள்தான்.

புவனேஸ்வர் அருகே கௌசல்யகங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். 1992-இல் நார்வே நிபுணர்களோடு சேர்ந்து ரோகுவில் இறங்கியபோது, கங்கை, யமுனை, கோமதி, பிரம்மபுத்திரா, சட்லஜ் என ஐந்து ஆற்று மீன்களையும் பண்ணை மீனையும் முதலில் திரட்டினார்கள். பிறகுதான் பொறுக்கல். குடும்பம் குடும்பமாகத் தனியே வளர்த்து, ஒவ்வொரு மீனுக்கும் உடலுக்குள் சிப் வைத்து, யார் பிள்ளை யார் என்று தெரிந்தே இணைத்தார்கள். 1997-இல் வெளிவந்த ஜெயந்தி ரோகு இதிலிருந்து வந்தது. தலைமுறைக்குச் சராசரியாக 17 சதவீதம் வளர்ச்சி கூடியது.

நம்மிடம் சிப் இல்லை. பரவாயில்லை. குறைந்தது 25 ஜோடி. ஒவ்வொரு ஜோடியையும் தனி ஹாப்பாவில் முட்டையிட விடுங்கள். எல்லா ஜோடியிலிருந்தும் ஒரே எண்ணிக்கையில் குஞ்சு எடுங்கள், ஒன்று அதிகம் பொரித்தது என்று அதிகம் எடுக்காதீர்கள். இடமில்லை என்றால் ஐந்தைந்து ஜோடியின் குஞ்சுகளை ஒரு கூட்டமாகச் சேர்த்துத் தனித்தனிக் குட்டையில் வளர்க்கலாம். பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் பெரியதைப் பொறுக்குங்கள். முதல் கூட்டத்து ஆண் இரண்டாம் கூட்டத்துப் பெண்ணுக்கு, இரண்டாவதன் ஆண் மூன்றாவதற்கு என்று சுற்றிவிட்டால், கம்ப்யூட்டர் இல்லாமலே பல தலைமுறை ஓட்டலாம்.

வயது தெரியாத மீன்களை ஒப்பிடுவது

ஆனியில் பொரித்ததையும் ஆவணியில் பொரித்ததையும் ஒரே தராசில் வைத்தால் எடை தெரியும், இரத்தம் தெரியாது.

கட்லாவும் ரோகுவும் ஒரே தொட்டியில்

வட்டத் தொட்டியில் ஊசி போட்டு இரண்டு இனத்தையும் ஒன்றாக விடுவது இன்றும் நடக்கிறது. இடமும் மிச்சம், வேலையும் மிச்சம். முட்டையும் விந்தும் ஒரே தண்ணீரில் சுற்றும்போது கலப்பினம் பிறக்காமல் இருக்காது. கட்லா, ரோகு கலப்பு மலடும் அல்ல. அது தாய்க் குட்டைக்குள் நுழைந்தால் அடுத்த தலைமுறையிலிருந்து எது கட்லா, எது ரோகு என்பதே குழம்பும். தலை ரோகுவுக்குக் கொஞ்சம் பெரிதாக, கட்லாவுக்குக் கொஞ்சம் சிறிதாகத் தெரிகிற மீனை யோசிக்காமல் கழித்துவிடுங்கள், எவ்வளவு எடை இருந்தாலும்.

"ஜெயந்தி" என்று சொல்லி விற்கும் குஞ்சை வாங்குவது

தாய்மீன் எங்கிருந்து வந்தது, எந்த வருடம் என்று கேளுங்கள். இழுத்துப் பேசினால் வந்துவிடுங்கள்.

விற்பனைக் குட்டை ஆண் திலேப்பியாவைத் தகப்பனாக்குவது

திலேப்பியாவுக்கு முதலில் அரசு அனுமதி வேண்டும், அது தனிக் கதை. ஹார்மோன் தீவனம் கொடுத்து எல்லாமே ஆணாக மாற்றிய கூட்டத்தில் ஏறத்தாழ பாதி, பிறவியில் பெண். வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதில் பெரியதாக ஒன்றை எடுத்து இனவிருத்திக்கு விட்டால், சில ஜோடிகளில் பிறப்பது கிட்டத்தட்ட முழுக்கப் பெண் குஞ்சு. தாய்மீன் கூட்டம் ஹார்மோன் படாத தனிக் கூட்டமாகவே இருக்க வேண்டும்.

மிஞ்சிய குஞ்சை ஆற்றில் விடுவது

விடாதீர்கள்.

நோட்டு வைக்காதது

நினைவில் இருக்கிறது என்பார்கள். இரண்டு தலைமுறை போவதற்குள் ஆள் மாறிவிடுவார், குட்டையும் மாறிவிடும். பெரிய பதிவேடு வேண்டாம், ஒரு நீள நோட்டு போதும். முட்டையிட்ட தேதி, ஜோடி எண், எந்தக் கூட்டத்து ஆண், எந்தக் கூட்டத்துப் பெண், எடுத்த குஞ்சு எத்தனை, எந்தக் குட்டை, எந்தத் துடுப்பு நறுக்கியது. துடுப்பு திரும்ப வளர்ந்துவிடும், அதனால் மறுபடி நறுக்கிய தேதிக்கும் ஒரு கட்டம் போடுங்கள்.